செருப்புக்குள் இல்லாத கல்

பெரியம்மா முப்பத்தொரு வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தார். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாசல் படியில் உட்கார்ந்து வலது கால் ஷூவைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டுவார். எதுவும் விழாது. உள்ளே கையை விட்டுத் துழாவுவார். எதுவும் இருக்காது. அப்புறம் காலை மடியில் தூக்கி வைத்து, பெருவிரலிலிருந்து எண்ணினால் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார். சிறுவயதில் எங்கள் வீட்டுக் காலைச் சத்தங்களில் அதுவும் ஒன்று. பால்காரரின் சைக்கிள் மணி, பெரியம்மா ஷூ தட்டுகிற சத்தம்.

"கல்லு மாட்டுன மாதிரியே இருக்கு பாப்பா. கழட்டுனா இல்ல. போட்டா இருக்கு."

கூட வேலை பார்த்த டாக்டர்களிடம் காட்டாமல் இல்லை. ஒருவர் யூரிக் ஆசிட் பார்க்கச் சொன்னார். ஒருவர் கால்சியம் மாத்திரை எழுதினார். எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருந்தது. மூன்றாவது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல சிஸ்டர், இந்த வயசுல லேடீஸுக்கு இப்பிடித்தான். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றாராம். இதைப் பெரியம்மா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் வருஷத்துக்கு நாலு தடவை சொல்வார்.

ரிட்டையர் ஆன பிறகு ஒரு இளம் டாக்டர் அவருடைய முன்பாதத்தை ஒரு கையால் பக்கவாட்டில் இறுக்கி, இன்னொரு கையின் கட்டைவிரலால் கீழிருந்து அழுத்தினார். உள்ளே எதுவோ 'டிக்' என்று நழுவியது. வலி உயிர்போனது. அன்றிரவு எனக்குப் போன் வந்தது. "பாப்பா, இதுக்குப் பேரு இருக்காம். மார்ட்டன்ஸ் நியூரோமாவாம்." வலிக்கு மருந்து கிடைத்த குரலாக அது எனக்குக் கேட்கவில்லை. கேஸ் ஜெயித்த குரல்.

யார் இந்த மார்ட்டன் என்று தேடப் போனேன். அந்தப் பெயரில் அநேகமாக எல்லாமே தப்பு என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. மார்ட்டன் இதை முதலில் பார்த்தவர் இல்லை. இது நியூரோமாவும் இல்லை.

*

முதலில் அந்த இடம். பாதத்தின் முன்பகுதியில் ஐந்து நீள எலும்புகள் விசிறிபோல விரிந்து விரல்களை நோக்கிப் போகின்றன. மெட்டாடார்சல் என்பார்கள். அவற்றின் தலைகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கிறது குறுக்காக ஓடும் ஒரு நார்ப்பட்டை. அந்தப் பட்டைக்கு அடியில், உள்ளங்கால் பக்கமாக, ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு நரம்பு விரல்களுக்குப் போகிறது. போய் இரண்டாகப் பிரிந்து, பக்கத்துப் பக்கத்து விரல்களின் உட்பக்கங்களுக்கு உணர்ச்சி தருகிறது. நடக்கும்போது குதிகால் எழும்பி விரல்கள் மடங்குகிற ஒவ்வொரு முறையும் அந்த நரம்பு பட்டையின் விளிம்பில் இழுபடுகிறது. கூர்முனை ஷூ போட்டிருந்தால் பக்கவாட்டிலும் நெரிபடுகிறது. ஹீல்ஸ் இருந்தால் உடம்பின் பாரம் முழுக்க அங்கேதான் இறங்குகிறது. வருஷக்கணக்கில் இது நடந்தால் நரம்பைச் சுற்றி நார்த்திசு தடித்துப்போகும். பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே. நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம். எரிச்சல், மின்சாரம் அடித்த மாதிரி ஒரு வெட்டு, விரல் மரத்துப்போவது, அப்புறம் அந்தக் 'கல்'.

இதைக் கண்ணால் பார்த்து எழுதிய முதல் ஆள் என்று இன்று சொல்லப்படுபவர் பிலிப்போ சிவினினி. இத்தாலியின் பிஸ்தோயா ஊர்க்காரர், உடற்கூறியல் அறிஞர். 1835இல் உள்ளங்கால் நரம்பில் கண்ட ஒரு வீக்கத்தைப் பற்றி சகமருத்துவர் ஒருவருக்குக் கடித வடிவில் எழுதி அச்சிட்டார். அவருக்கு வாய்த்தது பிணத்தின் பாதம். வீக்கம் தெரிந்தது. அது வலித்ததா, எப்போது வலித்தது, ஷூவைக் கழற்றினால் நின்றதா என்று கேட்க அங்கே ஆளில்லை. நாற்பது வயதுக்குள் சிவினினி இறந்துபோனார். கடிதம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தூங்கியது.

பத்து வருடம் கழித்து, 1845இல், லண்டனில் லூயிஸ் டர்லேக்கர் என்பவர் ஒரு புத்தகம் போட்டார். கால் ஆணி, பெருவிரல் முண்டு, நகக்கோளாறு, பாதப் பராமரிப்பு என்று நீளும் தலைப்பு. டர்லேக்கர் விக்டோரியா அரசியின் பாதங்களைப் பார்த்துக்கொண்டவர். அரண்மனைப் பதவி இருந்தாலும், மருத்துவ உலகின் கண்ணில் அவர் தொழில் ஆணி எடுப்பதுதான். அறுவை மருத்துவர்களுக்குப் பாதம் என்றால் இளக்காரம். வெட்டி எடுக்க வேண்டி வந்தால் கவனிப்பார்கள், அதற்கு முன்னால் இல்லை.

அந்தப் புத்தகத்தில், ஆணிகளுக்கும் நகங்களுக்கும் இடையில், சில வரிகளில் பெரியம்மாவின் கால் இருக்கிறது. மூன்றாவது, நான்காவது மெட்டாடார்சல் எலும்புகளுக்கு நடுவே போகும் நரம்பில் வருகிற வலி என்று இடத்தைத் துல்லியமாகச் சொல்கிறார். வலிக்கிற இடத்தை ஒரு விரல்நுனியால் மூடிவிடலாம், சும்மா விரலால் அழுத்தினால் அந்த வலி வராது, நடக்கும்போதுதான் கடுமையாகிறது என்கிறார். சிவினினியிடம் இல்லாத எல்லாம் இவரிடம் இருந்தது. உயிரோடு இருக்கிற கால், அதன் சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்து சொல்கிற கதை, கேட்க நேரம். ஆணி எடுக்க அரைமணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் ஆட்கள் பேசுவார்கள். முடிதிருத்துபவரிடம் பேசுகிற மாதிரி.

இன்று இந்த நோய்க்கு டர்லேக்கர் பெயர் இல்லை. ஆணி எடுப்பவர் பேரை யார் நோய்க்கு வைப்பார்கள்?

*

இந்த இடத்தில் ஷூவைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். பாதத்தில் நரம்பு எல்லாருக்கும் இருக்கிறது. அது நெரிபடுவதற்கு ஒரு கூடு வேண்டுமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்ற ஷூக்களில் பெரும்பகுதி இடது வலது இல்லாதவை. இரண்டும் ஒரே அச்சு. போட்டுப் போட்டுக் கால்தான் அதை இடதாகவும் வலதாகவும் ஆக்கிக்கொள்ள வேண்டும், அல்லது கால் ஷூவின் வடிவத்துக்கு ஆகிக்கொள்ள வேண்டும். 1858இல் சூரிக் நகர உடற்கூறியல் பேராசிரியர் ஹெர்மன் மேயர் ஷூவின் சரியான வடிவம் எது என்று ஒரு சிறு நூல் எழுதினார். இரண்டு வருடத்தில் ஆங்கிலத்திலும் வந்தது. பெருவிரல் நேராக நிற்க இடம்விட்டு ஷூ செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம். இவ்வளவு எளிய விஷயத்தைச் சொல்ல ஒரு பேராசிரியர் தேவைப்பட்டார்.

மேயருக்கும் முன்னால் 1781இல் டச்சுக்காரர் பெட்ரஸ் காம்பர் ஷூவின் சிறந்த வடிவம் பற்றி ஒரு ஆய்வுரை எழுதியிருக்கிறார். குதிரைக்கு லாடம் அடிப்பதைப் பற்றியெல்லாம் படித்தவர்கள் எழுதுகிறார்கள், மனிதக் காலை மட்டும் கண்டுகொள்வதில்லை என்பது அவருடைய ஆதங்கம். காம்பரின் பெயரை வேறொரு காரணத்துக்காகவும் நினைவு வைத்திருக்கிறார்கள். முகத்தின் சாய்வுக் கோணத்தை அளந்து மனிதர்களையும் குரங்குகளையும் வரிசைப்படுத்தியவர் அவர்தான். பின்னால் வந்த இனவாத 'விஞ்ஞானிகள்' அந்தக் கோணத்தை ஆசையோடு எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஆளின் மேஜையில் மண்டையோடும் ஷூவும். இந்த ஜோடி இன்னொரு தடவை வரப்போகிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் ஷூவை மாற்றியது. லட்சக்கணக்கான சிப்பாய்கள் நடக்க வேண்டும். லைமன் பிளேக் என்பவர் 1858இல் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம் ஷூவின் மேற்பாகத்தையும் அடிப்பாகத்தையும் வேகமாக இணைத்தது. இடது வலது பிரித்த ஷூக்கள் மொத்தமாக வந்தன. ஆனால் அளவு? பெட்டியில் எது கிடைக்கிறதோ அது. போர்க்காலப் பாதங்களின் முக்கியத்துவத்துக்கு ஒரு சின்னச் சான்று: 1862இல் ஆபிரகாம் லிங்கன், ஐசக்கார் சக்கரி என்ற கால் வைத்தியருக்குத் தன் கைப்பட நற்சான்று எழுதிக் கொடுத்தார். என் பாதங்களுக்கு நன்றாக வைத்தியம் பார்த்தார், இப்போது சௌகரியமாக இருக்கிறது என்று. அதே சக்கரியை நியூ ஆர்லியன்ஸுக்கு ரகசிய வேலைக்கும் அனுப்பினார். காலைப் பிடிப்பவர்களிடம் ரகசியம் தங்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

*

இனி பிலடெல்பியா.

தாமஸ் ஜார்ஜ் மார்ட்டன் 1835இல் அங்கே பிறந்தார். சிவினினியின் கடிதம் அச்சான அதே வருடம். அப்பா சாமுவேல் ஜார்ஜ் மார்ட்டனும் மருத்துவர், அதைவிட மண்டையோட்டுக்காரர் என்று பிரபலம். உலகெங்குமிருந்து மண்டையோடுகளைத் தருவித்துச் சேகரித்தவர். முதலில் விதைகளையும் பிறகு ஈயக் குண்டுகளையும் மண்டையோட்டுக்குள் கொட்டி, கொள்ளளவை அளந்து, எந்த இனத்துக்கு மூளை பெரியது என்று பட்டியல் போட்டவர். 1839இல் வந்த அவருடைய புத்தகத்தை அடிமைமுறையை ஆதரித்தவர்கள் கொண்டாடினார்கள். அந்தச் சேகரிப்பை வைத்திருக்கும் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகம் 2021இல் அதற்காக மன்னிப்புக் கேட்டது.

அப்பா சாகும்போது தாமஸுக்குப் பதினைந்து வயது. வளர்ந்து அறுவை மருத்துவரானார். போர்க்கால மருத்துவமனைகளில் வேலை செய்தார். பிறகு பென்சில்வேனியா மருத்துவமனை. சகோதரனையும் மகனையும் குடல்வால் நோய்க்குப் பறிகொடுத்தவர், 1887இல் நோயைச் சரியாகக் கணித்துக் குடல்வாலை வெட்டியெடுத்து ஓர் இளைஞனைப் பிழைக்க வைத்தார். அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் சிலரில் ஒருவர். அப்பாவின் பட்டியலோடு மகனைச் சேர்த்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அவர் வேறு மாதிரி மனிதர்.

1876இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரைதான் நோய்க்கு அவர் பெயரைக் கொடுத்தது. நான்காவது விரல் மூட்டில் வரும் விசித்திரமான, வலிமிக்க ஒரு கோளாறு என்கிற தொனியில் தலைப்பு. நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் ஒருவர் ஸ்விட்சர்லாந்தில் மலைப்பாதையில் நடந்துபோனபோது காலடியில் கல் உருண்டு விழுந்தவர். அதிலிருந்து வருஷக்கணக்கில் வலி. இறுக்கமான ஷூ போட முடியாது, சில நேரம் எந்த ஷூவும் முடியாது. கட்டுரை முழுக்க ஷூவைக் கழற்றுகிற பெண்கள் வருகிறார்கள். வண்டியில், விருந்தில், தெருவில், வலி வந்ததும் எல்லா மரியாதையையும் ஓரமாக வைத்துவிட்டுக் கழற்ற வேண்டியிருக்கிறது. விக்டோரியா காலத்துச் சீமாட்டி பொது இடத்தில் ஷூவைக் கழற்றுவது என்றால் சாதாரணமா? பெரியம்மாவும் வார்டில் ரவுண்ட்ஸ் போகிற நேரத்தில் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய்த்தான் கழற்றுவாராம்.

மார்ட்டன் அவர்களை நம்பினார். அதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன். ஆனால் காரணத்தைத் தப்பாகப் பிடித்தார். எலும்பு மருத்துவர் அல்லவா, எலும்பைப் பார்த்தார். ஐந்தாவது மெட்டாடார்சல் மற்றவற்றைவிடக் குட்டை, அசைவு அதிகம். அதன் தலை நான்காவது எலும்பின் மேல் உருண்டு நடுவிலிருக்கும் நரம்புக்கிளைகளை நசுக்குகிறது என்றார். வைத்தியம்? நான்காவது விரலின் அடிமூட்டை, சுற்றியிருக்கும் சதையோடு சேர்த்து வெட்டி எடுப்பது. பலருக்கு வலி நின்றது. சுற்றியிருந்த சதையோடு நரம்பும் போயிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அவர் மூட்டை எடுத்ததாக நினைத்து நரம்பை எடுத்திருக்கிறார்.

1867இல் பிலடெல்பியாவில் எலும்பியல் மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் மார்ட்டனும் ஒருவர். கொஞ்ச காலத்தில் நரம்பு நோய்களுக்கான பிரிவும் அதில் சேர்ந்தது. அந்தப் பிரிவின் முகம் சைலஸ் வியர் மிட்செல். இந்த மனிதரைத் தாண்டி நரம்பு வலியின் வரலாற்றை எழுத முடியாது. போரின்போது குண்டடிபட்ட நரம்புகளைப் பற்றி 1864இல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து புத்தகம் எழுதியவர். வெட்டப்பட்டு இல்லாமல்போன கை வலிக்கிறது என்று சிப்பாய்கள் சொன்னதை நம்பி, அதற்குப் பேர் வைத்தவர். 1866இல் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் இழந்த ஒரு மருத்துவரின் கதையைப் பெயர் போடாமல் பத்திரிகையில் எழுதினார். புனைகதைதான். வாசகர்கள் உண்மை என்று நம்பி அந்த மனிதருக்காக மருத்துவமனைக்குப் பணம் அனுப்பினார்கள்.

நியூரோமா என்ற சொல்லுக்கு உண்மையான சொந்தக்காரர்கள் அந்தச் சிப்பாய்கள்தான். சொல்லை உண்டாக்கியவர் ஜெனீவா மருத்துவர் லூயி ஓடியர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நரம்பில் வரும் கட்டிகளுக்காக. நரம்பை வெட்டினால் அது சும்மா இருக்காது. வெட்டுப்பட்ட முனையிலிருந்து இழைகள் முளைத்து, போக வேண்டிய கையையோ காலையோ தேடும். கிடைக்காவிட்டால் ஒன்றோடொன்று சிக்கி முடிச்சாகும். லேசாகத் தொட்டாலே உயிர்போகும். இதுதான் வெட்டுமுனை நியூரோமா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

மிட்செலுக்கு இன்னொரு பக்கம் உண்டு. 1864இலேயே அதே சகாக்களோடு சேர்ந்து, நரம்பு நோய் இருப்பதாக நடிக்கும் சிப்பாய்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்றும் எழுதினார். நம்புவதா வேண்டாமா என்கிற கேள்வி அவரை விடவேயில்லை. போருக்குப் பிறகு அவரிடம் வந்தது களைத்துப்போன, நரம்புத் தளர்ச்சி என்று சொல்லப்பட்ட பெண்கள். அவர்களுக்கு அவர் கொடுத்த வைத்தியம் 'ஓய்வு சிகிச்சை'. வாரக்கணக்கில் படுக்கை, பால், கொழுப்பு, மசாஜ். படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, ஆளைப் பார்க்கக்கூடாது. 1887இல் அந்தச் சிகிச்சைக்குப் போனவர் எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன். இனிப் பேனாவைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினார் என்று பின்னாளில் எழுதினார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 1892இல் வெளியான 'மஞ்சள் சுவர்த்தாள்' கதை.

ஒரே ஊர். இல்லாத கையில் வலி என்று ஆண் சொன்னபோது அறிவியலில் ஒரு புதிய அத்தியாயம் திறந்தது. உடம்பு முடியவில்லை என்று பெண் சொன்னபோது படுக்கை கிடைத்தது. மார்ட்டனின் நோயாளிகள் மார்ட்டனிடம் போனது அவர்கள் அதிர்ஷ்டம். மூட்டு போனாலும் புத்தி சரியில்லை என்ற பேர் வரவில்லை.

(தேடப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மார்ட்டன்கள் நிறைய. ஈதர் மயக்கமருந்தை 1846இல் பாஸ்டனில் செய்துகாட்டிய பல் மருத்துவர் மார்ட்டன் வேறு. பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீண்டு தெரிகிற 'மார்ட்டன் விரல்', 1920களில் எழுதத் தொடங்கிய டட்லி மார்ட்டனுடையது. அந்த விரலுக்கும் நம் கல்லுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. இணையத்தில் இரண்டையும் கலந்து கட்டி அடிக்கிறார்கள்.)

*

1893இல் சிகாகோவில் ஹோட்லி என்பவர் மூட்டை விட்டுவிட்டு நரம்பைத் திறந்து பார்த்தார். தடித்திருந்தது. சிறிய நியூரோமா என்று எழுதி வெட்டினார், குணமாகிவிட்டது என்றார். 1940இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பெட்ஸ் நரம்புதான் குற்றவாளி என்று தெளிவாக வாதாடினார். அதற்குப் பிறகு உலகெங்கும் மருத்துவர்கள் நரம்பை வெட்டத் தொடங்கினார்கள். 1951இல் நெதர்லாந்தின் முல்டர், பாதத்தை இறுக்கி அழுத்தும்போது கேட்கிற அந்த 'டிக்'கை விவரித்தார். பெரியம்மாவின் காலில் கேட்டது அவருடைய டிக்.

ஆனால் 1946லேயே, வெட்டி எடுத்த நரம்புகளை நுண்ணோக்கியில் பார்த்த கிங் என்ற நோயியல் மருத்துவர் ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்லியிருந்தார். இது கட்டியே இல்லை. நரம்பிழைகள் பெருகவில்லை, சொல்லப்போனால் நலிந்திருக்கின்றன. பெருகியிருப்பது சுற்றியுள்ள நார்த்திசு. ஓயாமல் உரசுபட்ட இடம் தடிக்குமே, விறகு வெட்டுபவர் உள்ளங்கை காய்த்துப்போகிற மாதிரி, அப்படி. பின்னாளில் இறந்தவர்களின் பாதங்களிலிருந்து எடுத்த நரம்புகளோடு ஒப்பிட்டபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை என்றும் ஓர் ஆய்வு வந்தது. 1990களின் கடைசியில் சூரிக்கில் கால்வலியே இல்லாத ஆட்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் மூன்று பேருக்கு அதே 'நியூரோமா' இருந்தது. அவர்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

பெயர் தப்பாக இருந்தால் என்ன, என்று கேட்கலாம். பெயர்தான் வைத்தியத்தைத் தீர்மானிக்கிறது. 'ஓமா' என்று முடிகிற சொல்லைக் கேட்டதும் கட்டி என்று தோன்றும். கட்டி என்றால் வெட்டு. 1979இல் பிரெஞ்சு மருத்துவர் கோத்தியே, இது நெரிபட்ட நரம்பு, அவ்வளவுதான், மேலே இருக்கும் நார்ப்பட்டையை வெட்டிவிட்டால் போதும், நரம்பை விட்டுவிடுங்கள் என்றார். மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டால் அப்படித்தானே செய்கிறோம், அங்கே யாரும் நரம்பை வெட்டி எறிவதில்லையே! நல்ல வாதம். ஆனாலும் நரம்பை எடுக்கும் அறுவைதான் இன்னும் பரவலாக நடக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பலன் கிடைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். விலை, இரண்டு விரல்களின் உட்பக்கம் நிரந்தரமாக மரத்துப்போவது. சிலருக்கு மட்டும் சில மாதம் கழித்து வலி திரும்ப வருகிறது, முன்னைவிட மோசமாக. வெட்டுப்பட்ட முனை முளைத்து முடிச்சிட்டிருக்கும். நியூரோமா இல்லாத ஒன்றை நியூரோமா என்று வெட்டி, அந்த இடத்தில் அசல் நியூரோமா. மிட்செலின் சிப்பாய்களுக்கு வந்த அதே சமாச்சாரம்.

அதனால்தான் இன்று கத்திக்கு முன்னால் மற்றதையெல்லாம் செய்து பார்க்கிறார்கள். முன்பக்கம் அகலமான, குதி தாழ்ந்த காலணி. எலும்புத் தலைகளைச் சற்றே விரித்துக் கொடுக்கும் ஒரு சின்னப் பேட். ஸ்டீராய்டு ஊசி, 2013இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்றில் 131 பேரில் ஒரு பாதிக்கு ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும், மறுபாதிக்கு மரப்பு மருந்து மட்டும் போட்டுப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் ஸ்டீராய்டு போட்டவர்கள் மேல். ஆல்கஹால் ஊசி, சூடுவைத்து நரம்பை மட்டுப்படுத்துவது என்று இன்னும் சிலவும் உண்டு. பலருக்கு முதல் இரண்டிலேயே முடிந்துவிடுகிறது. அதாவது, ஷூவைக் கழற்று என்று அந்தப் பெண்களின் கால் சொன்னதைக் கொஞ்சம் நாகரிகமாகச் செய்வது.

*

பெரியம்மாவுக்கு இளம் டாக்டர் ஒரு ஊசி போட்டார். "எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக்கங்கம்மா, அதுல ஒரு பேட் ஒட்டிப் போடுங்க" என்று அனுப்பினார். எம்.சி.ஆர். செருப்பு நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி வாசல்களில் தொங்கும், சர்க்கரை நோயாளிகள் வாங்குவார்கள். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இந்தக் கட்டுரைக்காகத் தேடும்வரை தெரியாது. வேலூரிலிருந்து. 1946இல் அங்கே வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கை கால்களைப் பார்த்தார். சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால்தான் பாதம் பாழாகிறது என்று கண்டுகொண்டார். ஆணி குத்தினாலும் தெரியாது, அதே புண்ணின்மேல் நடந்துகொண்டே இருப்பார்கள். அந்தப் பாதங்களுக்காக வேலூரிலும் பக்கத்திலிருக்கும் கரிகிரியிலும் என்னென்னவோ காலணிகளைச் செய்து பார்த்தார்கள். நின்றது, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மிருதுவான ரப்பர். மைக்ரோசெல்லுலர் ரப்பர், சுருக்கமாக எம்.சி.ஆர். வலியே தெரியாத கால்களுக்குச் செய்த செருப்பை, வலி கூடிப்போன காலுக்குப் பெரியம்மா வாங்கிக்கொண்டார்.

பேட்தான் தகராறு. ஆஸ்பத்திரி வாசலில் செருப்பு தைக்கிறவர் நல்ல மனசோடு வலிக்கிற இடத்துக்கு நேர் கீழேயே மெத்தென்று ஒட்டிக் கொடுத்துவிட்டார். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அது தப்பு. எலும்புத் தலைகளுக்குக் கீழே ஒட்டினால் இன்னும் நெரிக்கும். அவற்றுக்குச் சற்றுப் பின்னால், பாதக்குழியை நோக்கி ஒட்டினால்தான் தலைகள் விரியும், நரம்புக்கு இடம் கிடைக்கும். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரியம்மா போன் செய்தார். "கல்லு இப்ப ரெண்டாயிருச்சு பாப்பா."

அடுத்த வாரம் நானும் கூடப் போனேன். மரத்தடியில், செருப்பு தைப்பவரின் கல்லின்மேல் காலைத் தூக்கி வைத்தார். என்னிடம் பால்பாயிண்ட் பேனா வாங்கி, உள்ளங்காலில் வலிக்கிற இடத்தை ஒரு விரல்நுனியால் தொட்டுப் பார்த்து, அங்கே ஒரு புள்ளி வைத்தார். அதற்குப் பின்னால் ஒரு விரற்கடை தள்ளி இன்னொரு புள்ளி. ஈரம் காயுமுன் செருப்பில் காலை வைத்து எடுத்தார். நீல நிறத்தில் இரண்டு புள்ளிகளும் ரப்பரில் பதிந்திருந்தன.

"இது வலிக்கிற எடம் தம்பி. நீங்க இங்க ஒட்டக்கூடாது. பின்னாடி இருக்கு பாருங்க, அதுல ஒட்டுங்க."

"நம்ம மாத்தி ஒட்டிட்டமாக்கா? டாக்டர் ஒண்ணும் சொல்லலையே" என்றார் அவர்.

"டாக்டருக்கா கால் வலிக்கிது? ஒட்டுங்க" என்றார் பெரியம்மா.